அம்மாவுக்கு எந்த வாசிப்புக் கருவி? கிண்டிலா, கோபோவா? குமுளியிலிருந்து கேட்கிறேன்

ஏலக்காடு

வணக்கம். குமுளிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். கேள்வி அம்மாவுக்காக. வயது 71. இரண்டு கண்ணிலும் புரை எடுத்து லென்ஸ் வைத்தாயிற்று, பார்வை தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனால் கம்பத்து நூலகத்திலிருந்து நான் எடுத்து வரும் புத்தகங்களின் பொடி எழுத்து அம்மாவுக்கு ஒத்துவரவில்லை. போனில் படித்தால் அரை மணி நேரத்தில் கண்ணில் நீர் வருகிறது. ஒரு நாளைக்கு நூறு பக்கம் படித்தவர், இப்போது ரேடியோவைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

திருப்பூரில் இருக்கிற அக்கா, "கிண்டில் வாங்கிக் கொடுடா, நான் இங்கிருந்தே புத்தகம் வாங்கி அனுப்பிவிடுவேன்" என்கிறாள். கூட வேலை செய்கிற நண்பர், அது அமேசான் கடையின் கூண்டு, கோபோ வாங்கு என்கிறார். மழைக்காலத்தில் இங்கே கரண்ட் இரண்டு நாள் வராது, நெட் அதற்கும் முன்பே போய்விடும். லேப்டாப்பில் பல வருடமாகச் சேர்த்த தமிழ்ப் புத்தகங்கள் இருநூறுக்கு மேல் இருக்கின்றன. அம்மாவுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத் தெரியும், அவ்வளவுதான். எதை வாங்க?

நகரித்தறி

கிண்டில் வாங்குங்கள், பேச்சே வேண்டாம். இது இரண்டு வரியில் முடிகிற விஷயம், ஆனால் பின்னால் வருகிறவர்கள் இருபது வரி எழுதுவார்கள் என்று தெரியும், அதனால் நானும் எழுதிவிடுகிறேன்.

ஆந்திராவில் நகரி. வீட்டில் தமிழ், தறிக்கூடத்தில் தமிழ், போர்டெல்லாம் தெலுங்கு. தமிழ்ப் புத்தகம் வேண்டுமென்றால் திருத்தணியைத் தாண்டித்தான் போகவேண்டும். 2016 டிசம்பரில் கிண்டிலில் அதிகாரபூர்வமாகத் தமிழ் வந்தபோது எங்களைப் போன்றவர்களுக்கு அது என்னவாக இருந்தது என்று சென்னையில் இருப்பவர்களுக்குப் புரியாது. ராத்திரி பத்து மணிக்கு ஒரு எழுத்தாளர் பெயர் காதில் விழுகிறது, பத்து இருபதுக்கு அவருடைய நாவலின் இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறேன். என் அத்தைக்கும் (மனைவியின் அம்மா) அதில்தான் படிக்கப் பழக்கினேன். எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன், ஒரு வாரம் திட்டினார், அப்புறம் கருவி என் கைக்குத் திரும்பி வரவே இல்லை, எனக்கு வேறொன்று வாங்கவேண்டியதாயிற்று.

சுதந்திரம், திறந்த கோப்பு என்றெல்லாம் பேசுகிறவர்கள் யாராவது உங்கள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேபிள் செருகித் தருவார்களா? மாட்டார்கள்.

கோட்டைவாசல்

இருபது வரி எழுதுகிறவன் வந்துவிட்டேன் அண்ணே.

2009 ஜூலை. ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’, காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் அழிக்கப்பட்டது. அதை ஏற்றி விற்றவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு நிறுவனத் தலைவரே மன்னிப்பும் கேட்டார். எல்லாம் சரி. ஆனால் நீங்கள் வாங்கிப் போன புத்தகத்துக்காகக் கடைக்காரர் ராத்திரி வந்து பூட்டைத் திறந்து அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு மேசை மேல் காசை வைத்துவிட்டுப் போனால் சும்மா இருப்பீர்களா?

2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியது. வாங்கிய அத்தனை புத்தகமும் போயிற்று. பணம் திரும்பியது. ஓரத்தில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர். குறிப்புக்கு விலை 25 டாலர், யார் எழுதிய குறிப்பாக இருந்தாலும்.

இனி என் சொந்தக் கதை. கடை பெயர் வேண்டாம். கொல்லத்தில் வேலைக்குப் போனபோது போன் நம்பரை மாற்றினேன், பழைய நம்பரை ரத்து செய்துவிட்டேன். கடைக் கணக்குக்குள் நுழைய ஓடிபி அந்தப் பழைய நம்பருக்குத்தான் போகும் என்று உறைக்கவில்லை. பதினோரு நாள். ஆதார் நகல் அனுப்பு, கடைசியாக வாங்கிய பொருள் என்ன சொல், பழைய முகவரி சொல். 43 புத்தகங்கள் எனக்கும் கடைக்கும் நடுவில் அந்தரத்தில் தொங்கின. புனலூர் பஸ்ஸில் உட்கார்ந்து நான் காசு கொடுத்து வாங்கிய நாவலுக்காக யாரோ ஒருவரிடம் ஆங்கிலத்தில் கெஞ்சிக்கொண்டு போனேன். திரும்பக் கிடைத்தது, உண்மைதான். ஆனால் அன்றோடு சரி.

2025 பிப்ரவரி 26-லிருந்து கிண்டிலில் கேபிள் வழியையும் அடைத்துவிட்டார்கள், இனி உங்கள் இருநூறு புத்தகத்தையும் அதில் ஏற்ற முடியாது. கோபோ வாங்கி கோரீடர் என்கிற இலவச வாசிப்பு மென்பொருளைப் போடுங்கள். முடிந்தது.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்

தம்பி, கடைசிப் பத்தி தவறு. எல்லா இடத்திலும் இதே குழப்பம் ஓடுகிறது, அதனால் பொறுமையாகச் சொல்கிறேன்.

அன்று அடைத்தது ஒரு பக்கத்து வாசலை மட்டும்தான். கடையில் வாங்கிய புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துக்கொண்டு, அதைக் கேபிள் வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதி இருந்தது. அது போய்விட்டது. நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற கோப்பைக் கேபிளில் ஏற்றுவதற்குத் தடை இல்லை. 2022-லிருந்து ஈபப் என்கிற மின்னூல் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினாலும் அவர்களே மாற்றிக் கருவிக்குக் கொடுக்கிறார்கள். ஆக உள்ளே போகிற வழி திறந்திருக்கிறது, வெளியே வருகிற வழிதான் அடைபட்டது. எலிப்பொறியும் அப்படித்தான் என்று நீங்கள் சொல்வீர்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் பயமுறுத்துவதாக இருந்தால் உண்மையைச் சொல்லிப் பயமுறுத்துங்கள்.

ஏலக்காடு, உங்களிடம் ஒரு கேள்வி. இருநூறு புத்தகம் என்றீர்களே, அவை என்ன கோப்புகள்? இதைக் கேட்காமல் இரண்டு ஆண்கள் கம்பெனி பெயரை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஏனென்றால், ஈபப் என்பது உள்ளே வெறும் வலைப்பக்கம். கோப்பின் பெயரில் கடைசியை சிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள், எழுத்து, படம், அலங்காரம் எல்லாம் தனித்தனியாகக் கிடக்கும். எழுத்து எழுத்தாகவே இருப்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் வரி தானே மடங்கிக்கொள்ளும். மதுரைத் திட்டம் என்கிற இலவசத் தமிழ் மின்னூல் தொகுப்பில் இருப்பதெல்லாம் தட்டச்சு செய்த எழுத்து. 1998 பொங்கலன்று தொடங்கியது அது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் ஈபப்பும் உண்டு, ஆறு அங்குலத் திரைக்கென்றே அளவெடுத்த பிடிஎஃப்பும் உண்டு. அப்போதெல்லாம் கருவிகளில் தமிழ் ஒழுங்காகத் தெரியாது, கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் பிய்ந்து நிற்கும். அதனால்தான் எழுத்துருவை உள்ளேயே பொதித்த பிடிஎஃப். அந்தக் காலம் போய்விட்டது, இப்போது ஈபப்பையே எடுங்கள்.

ஆனால் உங்களிடம் இருப்பது பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் அது எழுத்தே அல்ல, புகைப்படம். ஆறு அங்குலத் திரையில் அதைப் பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுக்கவேண்டும். கோரீடரில் அந்தப் புகைப்படத்தையே சொல் சொல்லாக வெட்டி மறுபடி அடுக்கித் தருகிற வசதி இருக்கிறது, நல்ல அச்சென்றால் ஆச்சரியமாக வேலை செய்யும். சொற்களுக்கு நடுவே இடம் விடாமல் நெருக்கி அடித்த பழைய பதிப்பென்றால் அலங்கோலம்தான்.

நகரித்தறி

டீச்சர், நீங்கள் சித்தூர்ப் பக்கமா? புரொஃபைலில் சித்தூர் என்று பார்த்தவுடன் எங்கள் சித்தூர் என்று நினைத்தேன்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா. உங்கள் சித்தூருக்குப் போகவேண்டிய கடிதம் ஒன்று ஒருமுறை எங்கள் தெருவுக்கு வந்தது!

மீனாட்சிபுரம் சந்தை

எல்லாரும் எவ்வளவு பேசுகிறீர்கள். பெரிய எழுத்தில் அச்சிட்ட காகிதப் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் ஆயிற்று. பூட்டும் வேண்டாம், சார்ஜும் வேண்டாம். அதை யாரும் ராத்திரியில் வந்து அழிக்கவும் மாட்டார்கள்.

ஏலக்காடு

ஐயா, குமுளியில் அதை அழிக்க ஆள் வரவேண்டியதில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அலமாரியைத் திறந்தால் பூசண வாடை மூஞ்சியில் அடிக்கும். அப்பா பைண்டு செய்து வைத்திருந்த தொடர்கதைகளில் பாதியைப் பூச்சி தின்றது, மீதியை ஏல ஸ்டோரில் காய் உலர்த்துகிற சூட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் காப்பாற்றப் போய் தாள் அப்பளமாகிவிட்டது. பெரிய எழுத்துப் பதிப்பு, அம்மா கேட்கிற நாவல்களுக்குக் கிடைப்பதும் இல்லை.

டீச்சர், எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 214. அதில் 150-க்கு மேல் ஸ்கேன் பிடிஎஃப். தமிழ் இணையக் கல்விக்கழகத்திலிருந்தும் இண்டர்நெட் ஆர்க்கைவிலிருந்தும் எடுத்தவை. ஈபப் முப்பது சொச்சம். மிச்சம் நான் எங்கே எடுத்தேன் என்றே தெரியாத ஏதோ பழைய எழுத்துரு, திறந்தால் கிறுக்கலாக வருகிறது.

குப்பம் பேசஞ்சர்

தினம் குப்பத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலில் போகிறவன். என்னிடம் இருப்பது ஆண்ட்ராய்டு ஓடுகிற மின்மை (இ-இங்க்) திரைக் கருவி, பூக்ஸ் மாதிரியான வகை. இரண்டு கட்சிக்கும் நடுவில் இப்படி ஒன்று இருப்பதைச் சொல்லத்தான் வந்தேன். கிண்டில் ஆப்பும் போடலாம், கோரீடரும் போடலாம், நூலக ஆப்பும் போடலாம். வாங்கியபோது வாழ்க்கைப் பிரச்சினையே தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

தீரவில்லை. மின்மைத் திரை பக்கம் மாறும்போது மட்டும்தான் மின்சாரம் எடுக்கும், கறுப்பும் வெள்ளையுமான துகள்கள் நின்ற இடத்திலேயே நிற்கும், அதனால்தான் சாதாரண வாசிப்புக் கருவி வாரக்கணக்கில் தாங்குகிறது. பின்னால் ஆண்ட்ராய்டு ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தால் அந்த லாபம் போயிற்று, மூன்று நாளைக்கு ஒருமுறை சார்ஜ் போடுகிறேன். இரண்டு நாள் கரண்ட் இல்லாத வீட்டுக்கு இது யோசிக்கவேண்டிய விஷயம். அப்புறம், என்னிடம் இருப்பதில் ஆண்ட்ராய்டு பழசாகிக்கொண்டே போகிறது, ஒரு ஆப் ஏற்கெனவே "இந்தக் கருவியில் இனி இயங்காது" என்றுவிட்டது. எல்லாக் கதவும் திறந்த வீடு என்று வந்தேன், ஒவ்வொரு கதவுக்கும் ஒரு வாட்ச்மேன். என்னைப் போல நோண்டுகிறவனுக்குச் சரி, அம்மாவுக்கு வேண்டாம். ஒரு தட்டு தவறாகத் தட்டினால் செட்டிங்ஸுக்குள் போய் மாட்டிக்கொள்வார்.

சும்மா ஒரு புலம்பல்: எந்தக் கருவியிலும் தமிழுக்கு அகராதி சரிப்படவில்லை. "வீட்டிலிருந்தபடியே" என்ற சொல்லை அழுத்திப் பிடித்தால் அப்படி ஒரு சொல்லே இல்லை என்கிறது. வீடு என்று வெட்டிக் கொடுக்க அதற்குத் தெரியாது.

கோட்டைவாசல்

டீச்சர் சொன்ன கேபிள் விஷயத்தில் என் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். மற்றதில் மாற்றமில்லை. 214-ல் 150 ஸ்கேன் என்றால் கேள்வியே முடிந்துவிட்டது. கோரீடரைக் கோபோவில் போட கருவியை உடைக்கவேண்டியதில்லை, கேபிளில் கோப்பை நகலெடுத்தால் போதும். கிண்டிலில் போட ஜெயில்பிரேக், அதாவது கம்பெனி போட்ட பூட்டை உடைப்பது, வேண்டும், அது எந்த மென்பொருள் பதிப்பில் நடக்கும் எதில் நடக்காது என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். அவர் வாசிக்கிற புத்தகங்களில் முக்கால்வாசி எந்தக் கடையிலும் இல்லாதவை அண்ணே. கடை எவ்வளவு வசதியாக இருந்து என்ன?

நகரித்தறி

கோபோவை எங்கே வாங்குவார்? குமுளி பஸ் ஸ்டாண்டிலா? கெட்டுப்போனால் யாரிடம் கொடுப்பார்? இது தம்பிக்குக் கண்ணுக்கே தெரியாது. அம்மா கையில் இருக்கிறது, ஒருநாள் திரை உறைந்து நின்றுவிட்டது, மகன் தோட்டத்தில் இருக்கிறார். அப்போது "சுதந்திரமாக" உறைந்து நின்றது என்று சந்தோஷப்படுவாரா?

கோட்டைவாசல்

கல்ஃபிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லிவிடுவதுதான். எங்கள் பக்கம் பாதிப்பேர் கருவி அப்படித்தான் வந்தது. வாரண்டி கிடையாது, அது உண்மை.

ஏலக்காடு

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். இந்தச் சண்டையை அம்மாவிடமே சொல்லிவிட்டேன். "எல்லாரும் கருவியைப் பற்றியே பேசுகிறார்களே, நான் பிடித்துப் பார்க்கவேண்டாமா?" என்றார். கம்பத்தில் தெரிந்த ஒருவரிடம் பழைய ஆறு அங்குலக் கருவியைக் கடன் வாங்கி வந்து, எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன்.

எழுத்து பிரமாதம் என்றார். வெளிச்சம் கண்ணை உறுத்தவில்லை என்றார். அரை மணி கழித்துப் பார்த்தால் கருவி மூலையில் கிடக்கிறது. என்னம்மா என்றால், கதை தானாகத் தாவுகிறதாம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அம்மா புத்தகத்தைப் பிடிக்கிற மாதிரிதான் அதைப் பிடிக்கிறார், கட்டைவிரல் தாள்மேல் அழுந்த. விரல் திரையில் பட்டதும் பக்கம் மாறுகிறது. நாலு பக்கம் தாண்டிப் போனபிறகுதான் கதை புரியவில்லை என்று தெரிகிறது. திரும்பி வரத் தெரியவில்லை. அறுபது வருடப் பழக்கம், விரலை எடு எடு என்றால் எங்கே வைப்பது?

"ரேடியோவில் இருக்கிற மாதிரி ஒரு பட்டன் இல்லையா?" என்று கேட்டார். பட்டன் வைத்த கருவி உண்டா?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்

பாருங்கள், இத்தனை பேர் பேசியதில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

உண்டு. கிண்டிலில் ஓயசிஸ் என்று பட்டன் வைத்து ஒன்று இருந்தது, இப்போது நிறுத்திவிட்டார்கள். கோபோவில் லிப்ரா வரிசை. ஏழு அங்குலம், ஒரு பக்கம் அகலமான கைப்பிடி, அதில் இரண்டு பட்டன், கட்டைவிரல் உட்காரவே செய்த இடம். ஒன்று மட்டும் கவனியுங்கள். இப்போது விற்பது வண்ணத் திரை. வண்ணத்துக்காக மேலே ஒரு வடிகட்டி அடுக்கு இருக்கும், அதனால் தாள் கொஞ்சம் சாம்பல் பூத்தது போலத் தெரியும், விளக்கை எப்போதும் கூட்டி வைக்கவேண்டும். புரை எடுத்த கண்ணுக்குக் கறுப்பும் வெள்ளையும் பளிச்சென்று இருப்பது நல்லது. 2021-ல் வந்த லிப்ரா 2 வெறும் கறுப்பு வெள்ளை. பழைய இருப்போ, ஒருமுறை பயன்படுத்தியதோ கிடைத்தால் அதையே எடுங்கள்.

நகரி அண்ணா சொன்ன ரிப்பேர் கவலை பொய்யில்லை. ஆனால் அவர் சொன்ன கேபிள் கவலைக்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை நீங்கள் ஐந்து புத்தகம் ஏற்றிக் கொடுத்தால் அம்மாவுக்கு ஒரு வாரம், பத்து நாள் ஓடும். நெட் தேவையே இல்லை. அவருக்கு வசதி என்பது எடுத்தால் புத்தகம் இருக்கவேண்டும், பட்டன் அமுக்கினால் அடுத்த பக்கம் வரவேண்டும். அந்த வசதிக்கு உழைக்கிறவர் நீங்கள். கடையில் வாங்கினால் அந்த உழைப்பைக் கடைக்காரர் செய்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

கம்ப்யூட்டரில் காலிபர் போட்டுக்கொள்ளுங்கள், மின்னூல்களை அடுக்கிவைத்துக் கருவிக்கு ஏற்றுகிற நிரல். கோவிட் கோயல் என்பவர் 2006-ல் தொடங்கியது. தான் வாங்கிய சோனி கருவி லினக்ஸோடு பேச மறுத்ததால் உட்கார்ந்து எழுத ஆரம்பித்த நிரல் அது. எங்கள் பள்ளி லேப்டாப்பெல்லாம் லினக்ஸ்தான், கேரளத்துப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருள் பழக்கம் வெகு நாளாக உண்டு, அதனால் எனக்கு அவர் கோபம் நன்றாகப் புரியும்.

ஏலக்காடு

ஸ்கேன்களை எழுத்தாக மாற்ற முடியாதா டீச்சர்?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்

முடியும், பிழை திருத்தப் பொறுமை இருந்தால். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் டெசராக்ட் என்கிற நிரல் தமிழ் படிக்கும். ஆனால் ர-வையும் துணைக்காலையும் மாற்றி மாற்றிப் போடும், எ-வும் ஏ-வும் குழம்பும். ஒரு நாவலுக்கு ஒரு மாதம் ஆகும். முதலில் மதுரைத் திட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கல்கியின் நாவல்களெல்லாம் எழுத்தாகவே இருக்கின்றன, யாரோ நமக்காகத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். உங்கள் 150-ல் எத்தனை ஏற்கெனவே அங்கே இருக்கிறதென்று பார்த்தாலே பாதி வேலை குறையும். கிறுக்கலாக வருகிற பழைய எழுத்துருக் கோப்புகளை எனக்கு அனுப்புங்கள், யூனிகோடுக்கு மாற்றிப் பார்க்கிறேன்.

ஏலக்காடு

பார்த்தேன். 61 புத்தகம் எழுத்தாகவே கிடைத்தது! மீதிக்கு கோரீடர்தான். தோட்டத்து ஜீப் ஓட்டுகிற அண்ணனின் மச்சான் ஓணத்துக்கு துபாயிலிருந்து வருகிறார், லிப்ரா 2 ஒருமுறை பயன்படுத்தியது அங்கே கிடைத்ததாம், சொல்லிவிட்டேன். நகரி அண்ணன் கோபித்துக்கொள்ளவேண்டாம். அக்காவுக்குத்தான் வருத்தம், இங்கிருந்து வாங்கி அனுப்ப முடியாதே என்று. பூட்டில்லாத ஈபப்பாக விற்கிற பதிப்பகம் ஏதாவது இருந்தால் வாங்கி மெயிலில் அனுப்பு என்றேன். தேடுகிறாள்.

நகரித்தறி

எனக்கென்ன கோபம். பட்டன் ஜெயித்தது, கோட்டைவாசல் தம்பி ஜெயிக்கவில்லை, அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

டீச்சர், ஒன்று கேட்கவேண்டும். அந்த 25 டாலர் கதையைப் படித்ததிலிருந்து மனசு ஒரு மாதிரி இருக்கிறது. எட்டு வருடமாகக் கோடு போட்டுப் போட்டுப் படித்திருக்கிறேன். புத்தகம் போனால் போகிறது, அந்தக் கோடுகளை மட்டும் எங்காவது எடுத்து வைக்க முடியுமா?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்

கேபிளைச் செருகுங்கள். உள்ளே ‘மை கிளிப்பிங்ஸ்’ என்று ஒரு கோப்பு இருக்கும். சாதாரண டெக்ஸ்ட், நோட்பேடில் திறக்கும். அந்தக் கருவியில் போட்ட கோடெல்லாம் புத்தகப் பெயர், நாள், நேரத்தோடு அதில் வரிசையாக இருக்கும். நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நகரித்தறி

செருகினேன். இத்தனை வருடத்தில் சார்ஜுக்குத் தவிர அந்தக் கேபிளைக் கம்ப்யூட்டரில் செருகியதே இல்லை. என்னுடையதில் கொஞ்சம்தான் இருந்தது. முதல் கருவி அத்தையிடம் இருக்கிறதே, அதையும் வாங்கிச் செருகினேன். பழைய கோடுகள் எல்லாம் அதில் இருக்கின்றன, 2017-லிருந்து. அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கில் வேறு என்னமோ. "என்று", "வந்த அவள்", "மேலும்", "ஆனால் அந்த". பக்கத்துக்கு நாலு. அத்தை இவ்வளவு ஆழமாகப் படிக்கிறாரா என்று ஒரு நிமிடம் அசந்துபோனேன், அப்புறம்தான் புரிந்தது, எல்லாமே பக்கத்தின் வலது ஓரத்துச் சொற்கள்.

ஏலக்காடு தம்பி, அந்த லிப்ரா 2 துபாயில் இன்னொன்று கிடைக்குமா என்று ஜீப்காரரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.